சாவியோடு உள்ளே போனவன்

"என் வேகம் உங்களுக்குப் பிடிக்கல, அப்படித்தானே டீச்சர்?"

ததேயுஸ் அறைக்குள் வரவில்லை. வாசல்படியில் நின்றே கேட்டான். கேட்டான் என்று மரியாதைக்குச் சொல்வது. துறைமுகமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினான்.

பெர்னதெத் டீச்சர் நாற்காலி மேல் ஏறி நின்று, சுவரில் இருந்த மின்மணியில் படிந்த உப்பைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பிடிச்சிருக்கு" என்றாள்.

"பெறவு ஏன் என் கணக்க இந்தக் கம்ப்யூட்டர் பெட்டியில ஏத்த மாட்டேங்கிய?"

"ஏத்த மாட்டேன்."

"ஏன்னு கேக்குதேன்."

டீச்சர் துடைத்து முடித்தாள். கீழே இறங்கினாள். துணியை உதறி ஜன்னல் கம்பியில் காயப்போட்டாள்.

"சாயா குடிக்கியளா அண்ணே?"

இரண்டு வருஷம் ராப்பகல் பார்க்காமல் உழைத்தவனுக்கு இதுதான் பதிலா? சாயாவா?

*

குரு என்றால் தாடி, சீடன் என்றால் இளம்பிள்ளை என்று யாரும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். இங்கே சீடனுக்கு வயது நாற்பத்தாறு. மீசை பாதி நரைத்தவன். இருபது வருஷம் விசைப்படகு எஞ்சின்களுக்கு அடியில் கிடந்து டீசலில் குளித்த மெக்கானிக்.

குருவுக்கு முப்பத்து மூன்று. பங்குக் கோயில் மண்டபத்தில் கணினி வகுப்பு எடுத்தவள். அவளிடம் பைத்தான் மொழி படிக்க வந்தவர்கள் பதினாறு பேர். கடைசி வரை நின்றவன் ததேயுஸ் ஒருவன்தான்.

நின்றதற்குக் காரணம் அவன் தம்பி ரெமிஜியுஸ்.

குமரிக் கடற்கரையில் கள்ளக்கடல் என்று ஒன்று உண்டு. காற்று இருக்காது, மழை இருக்காது, வானம் பளிச்சென்று இருக்கும். எங்கோ கண்காணாத தூரத்தில் அடித்த புயலின் அலை, சொல்லாமல் கொள்ளாமல் இங்கே வந்து கரையேறும். அதை முன்னாலேயே கண்டு சொல்லத்தான் துறைமுகத்தில் அந்தச் சின்ன அறை. அதற்கும் டீச்சர்தான் பொறுப்பு. ஆழ்கடலில் கிடக்கும் மிதவை அலையை அளந்து அனுப்பும். எந்தக் கரையில் எவ்வளவு உயரம் ஏறும் என்று அறையில் உள்ள கணினி கணக்குப் போடும்.

கணக்குப் போட நாற்பது நிமிஷம் ஆகும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கள்ளக்கடல் ஏறிய நாளில், ரெமிஜியுஸ் வள்ளத்தை மேட்டுக்கு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது, கணக்கு இருபத்தெட்டாவது நிமிஷத்தில் இருந்தது. பன்னிரண்டு நிமிஷம் கழித்து எச்சரிக்கை வந்தது. அப்போது வள்ளமும் இல்லை, அவனும் இல்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்த கையோடு ததேயுஸ் டீச்சரிடம் போனான்.

"எனக்கு அந்தப் பன்னெண்டு நிமிஷம் வேணும்" என்றான்.

டீச்சர் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்போ நீங்க இன்னொரு மொழி படிக்கணும்" என்றாள்.

பைத்தான் நல்ல மொழிதான். ஆனால் ஒவ்வொரு வரியாக வாசிக்கும், புரிந்துகொள்ளும், அப்புறம்தான் செய்யும். எழுத லேசு, ஓட மெதுவு. சி மொழி அப்படி அல்ல. எழுதியது மொத்தத்தையும் முன்கூட்டியே இயந்திரத்தின் பாஷைக்கு மாற்றி வைத்துவிடும். ஓடு என்றால் ஓடும், வழியில் நின்று யோசிக்காது.

எல்லாவற்றையும் சி மொழியில் எழுத வேண்டியதில்லை. கணக்குப் போடும் துண்டை மட்டும் சி-யில் எழுதி, பைத்தானுக்குள் பொருத்திவிடலாம்.

"பழைய வள்ளத்துல புது எஞ்சின்" என்றான் ததேயுஸ்.

மெக்கானிக் புத்தி வேறு எப்படிப் போகும்?

*

ஒன்றரை வருஷம் ஆனது. மூன்று முறை டீச்சர் வந்து அவன் எழுதியதைப் பார்த்தாள். மூன்று முறையும் ஏதோ சொன்னாள். மூன்று முறையும் ததேயுஸ் தலையை ஆட்டினான். கண் மட்டும் திரையைவிட்டு அகலவில்லை.

முதல் தடவை ஓட்டிப் பார்த்த அன்று அவன் நாற்காலியிலிருந்து விழாத குறை.

பதினோரு நொடி.

நாற்பது நிமிஷக் கணக்கு, பதினோரு நொடியில் முடிந்துவிட்டது!

ஏதோ கோளாறு என்று நினைத்தான். மறுபடி ஓட்டினான். பதினோரு நொடிதான். பழைய விடையையும் புது விடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். ஒரு புள்ளி மாறவில்லை. மேஜையில் தலையைக் கவிழ்த்துத் தேம்பித் தேம்பி அழுதான். தம்பி பெயரைச் சொல்லித்தான் அழுதான்.

அத்தோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. மனுஷனுக்குப் போதும் என்று சொல்லத் தெரியுமா?

இவ்வளவு வேகம் கையில் இருக்கும்போது, பதினோரு கரைகளுக்கு மட்டும் ஏன் கணக்கு? ஒவ்வொரு பாறைக்கும், ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் தனித்தனியாகச் சொன்னால் என்ன? கடலை அவன் சதுரம் சதுரமாகப் பிரித்து வைத்திருந்தான். ஒவ்வொரு சதுரத்தையும் நூறாக உடைத்தான். கணக்கும் நூறு மடங்கு ஆனது.

இப்போது பத்தொன்பது நிமிஷம் ஆனது. ஆகட்டுமே! பழையதில் பாதிகூட இல்லை. அதோடு, எந்த வீட்டுப் படியில் எத்தனை அடி தண்ணீர் ஏறும் என்பது வரைக்கும் அச்சுப் பிசகாமல் சொல்லியது.

அதைத் தூக்கிக்கொண்டுதான் அன்று டீச்சரிடம் வந்திருந்தான். டீச்சர் முழுவதையும் வாசித்தாள். மாட்டேன் என்றாள்.

*

சாயாவை அவன் தொடவில்லை. ஆடை படிந்தது.

"டீச்சர், அடுத்த கள்ளக்கடல் எப்போ வரும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"நாளைக்கே வந்தா? பழைய பெட்டி நாப்பது நிமிஷம் யோசிச்சிட்டு இருக்கும். இன்னொரு வீட்டுல எழவு விழும். அந்தப் பாவம் யாருக்கு?"

டீச்சர் தன் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"சரி" என்றாள். "நாளைக்குக் காலைல பத்து மணிக்கு ஓட்டிப் பாப்போம்."

"நிஜமாவா?"

"பழைய பெட்டி பக்கத்து அறையில ஓடட்டும். படகுக்காரங்கள அது பாத்துக்கிடும். இந்தப் பெட்டியில உங்க கணக்கு. அதோட என் சிவப்பு டப்பா, அது ஒண்ணு மட்டும்."

சிவப்பு டப்பா என்பது உள்ளங்கை அகலத்தில் ஒரு பொத்தான் வைத்த கருவி. கடலுக்குப் போகும் ஒவ்வொரு படகிலும் ஒன்று இருக்கும். ஆபத்து என்றால் பொத்தானை அமுக்க வேண்டும். அறையில் மணி அடிக்கும்.

அந்த மணிக்கென்று அறையில் ஒரு வழக்கம் இருந்தது. மணி அடித்தால், சோற்றில் கை வைத்திருப்பவனும் கையைக் கழுவாமல் எழுந்து ஓட வேண்டும். யார் அமுக்கினார்கள், எதற்கு அமுக்கினார்கள் என்றெல்லாம் ஓடும்போதுதான் யோசிக்க வேண்டும். அலைக் கணக்கு, மணி, திரையில் ஓடும் கடிகாரம் மூன்றையும் ஒரே நிரல்தான் பார்த்துக்கொண்டது. பழைய பெட்டியில் கணக்கு நடந்துகொண்டிருக்கும்போது எத்தனையோ தடவை மணி அடித்திருக்கிறது. ததேயுஸே எத்தனையோ தடவை எச்சில் கையோடு ஓடியிருக்கிறான்.

"மணி அடிச்சா வழக்கம் தெரியும்லா?" என்று கேட்டாள் டீச்சர்.

"இது என்ன கேள்வி டீச்சர்? புது நிரல்லயும் மணிய அடிச்சுப் பாத்துட்டுதான் வந்தேன். கணீர்னு அடிக்கி."

"எப்போ அடிச்சுப் பாத்திய?"

"போன வாரம். கணக்க ஓட்டுறதுக்கு முன்னாடி."

டீச்சர் அவன் டம்ளரை எடுத்துக் கழுவப் போனாள்.

*

மறுநாள் ததேயுஸ் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வந்தான். வரும் வழியில் கோயிலில் ஒரு மெழுகுதிரி ஏற்றினான். தம்பிக்காக.

அறையில் டீச்சர் இல்லை. கைபேசிதான் அடித்தது.

"ஆரம்பிச்சாச்சா அண்ணே?"

"இதோ, நாலு நிமிஷத்துல. நீங்க எங்க இருக்கிய? காத்து இரையுது."

"பக்கத்துலதான். ஆரம்பிங்க."

பத்து மணி நான்கு நிமிஷம். ததேயுஸ் சிலுவை போட்டுக்கொண்டான். விசையைத் தட்டினான்.

திரையின் மூலையில் ஓடிக்கொண்டிருந்த கடிகாரம் அப்படியே நின்றது.

பத்து, நாலு, பன்னிரண்டு. அதற்கு மேல் நொடி நகரவில்லை.

ததேயுஸுக்குச் சிரிப்பு வந்தது. "என் வேகத்தப் பாத்துக் கடிகாரமே மலைச்சுப் போச்சு பாரு!"

அவன் சொன்னதைக் கேட்க அறையில் வேறு யாரும் இல்லை. அதனால் மணியைப் பார்த்துச் சொன்னான். மணி சும்மா இருந்தது.

ஐந்து நிமிஷம். சாயா போட்டுக் குடித்தான்.

பத்து நிமிஷம். ஜன்னல் வழியே பார்த்தான். வெளியே வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மீன் ஏலக் கூடத்தில் யாரோ யாரையோ ஏசிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் வழக்கம் போலத்தான் இருந்தது.

பதினைந்து நிமிஷம். டீச்சர் வந்ததும் என்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தான். ரொம்பவும் குத்திக்காட்டக் கூடாது, சின்னப் பொண்ணு, பாவம் என்று நினைத்துக்கொண்டான்.

பத்தொன்பதாவது நிமிஷம் திரை நிறைய எண்கள் கொட்டின. விடை வந்துவிட்டது! ததேயுஸ் துள்ளி எழுந்தான்.

அதே நொடியில் மணி அடித்தது.

அறையே அதிரும்படி அடித்தது.

ததேயுஸ் திரையைப் பார்த்தான். விடைக்குக் கீழே சிவப்பு எழுத்தில் நான்கு வரி.

டப்பா: பெர்னதெத்.

இடம்: துறைமுக முகத்துவாரம், வடக்கு அலைத்தடுப்புச் சுவருக்கு வெளியே.

பொத்தான் அமுக்கிய நேரம்: 10.04.

மணி அடித்த நேரம்: 10.23.

அவன் மறுபடி வாசித்தான். எழுத்து கூட்டிப் படிக்கும் பிள்ளை மாதிரி விரல் வைத்து வாசித்தான். நாலு. இருபத்து மூணு.

முகத்துவாரம்.

ஐயோ!

செருப்பு ஒரு பக்கம், கைபேசி ஒரு பக்கம். வழக்கத்துக்காக அவன் ஓடவில்லை. அவன் ஓடியது அவனுக்கே தெரியவில்லை.

*

அலைத்தடுப்புச் சுவரின் நுனிக்கு வந்தபோது மூச்சு வாங்கியது.

கீழே தண்ணீரில் ஒரு லைஃப் ஜாக்கெட். அதற்குள் டீச்சர்.

அலை அவளைத் தூக்கியது, இறக்கியது. கையில் சிவப்பு டப்பா இருந்தது. முழங்கையில் ரத்தம். பாறைச் சிப்பி கீறியிருக்க வேண்டும். கொஞ்சம் தள்ளி லூக்காஸ் மாமாவின் வள்ளம் நின்றது. அறுபது வயது மனுஷன், முன்முனை அணியத்தில் குத்தவைத்து உட்கார்ந்து தலையில் கை வைத்திருந்தார்.

"வந்துட்டியாலே பாவி!" என்று கத்தினார். "எத்தன நேரம்லே! நான் மூணு தரம் தூக்கப் போனேன். மணி அடிச்சு ஆள் வராம என்னத் தொடக் கூடாதுன்னுட்டா. மாதா மேல சத்தியம் வாங்கிட்டாலே!"

ததேயுஸ் சட்டையோடு குதித்தான்.

இருவருமாகச் சேர்ந்து அவளை வள்ளத்தில் ஏற்றினார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது. பல் தந்தியடித்தது. லூக்காஸ் மாமா தன் தலைத்துண்டை அவிழ்த்து அவளைப் போர்த்தினார். ததேயுஸ் அவள் காலைத் தேய்த்தான். பேயறைந்தவன் மாதிரி தேய்த்துக்கொண்டே இருந்தான்.

டீச்சர்தான் முதலில் பேசினாள்.

"கணக்கு சரியா வந்துச்சா அண்ணே?"

ததேயுஸின் கை நின்றுவிட்டது.

"கேக்குதேன்லா. விடை சரியா வந்துச்சா?"

"வந்துட்டு" என்றான்.

"நல்லது."

லூக்காஸ் மாமா எஞ்சினைக் கிளப்பினார். ததேயுஸுக்குத் திடீரென்று கோபம் தலைக்கேறியது. பயம் தெளிந்தால் கோபம் வரும், எல்லாருக்கும் வருவதுதான்.

"உங்களுக்குப் பைத்தியமா டீச்சர்? செத்துத் தொலைஞ்சிருந்தா நான் யாருக்குப் பதில் சொல்ல? கோளாறு இருக்குன்னா வாயால சொல்லியிருக்கலாமே!"

"மூணு தடவ சொன்னேன்."

டீச்சர் விரல் விட்டு எண்ணினாள்.

"போன வருஷம் ஓணத்துக்கு முன்னாடி ஒரு தடவ. கிறிஸ்மஸ் லீவுல ஒரு தடவ. பெரிய வியாழனுக்கு ஒரு தடவ. மூணு தடவையும் தலைய ஆட்டினிய."

*

நினைவு வந்தது. ஒவ்வொரு வார்த்தையும் வந்தது. அவமானம் காது வரைக்கும் சுட்டது.

பைத்தானில் ஒரு ஏற்பாடு உண்டு. ஒரு நிரலுக்குள் எத்தனை வேலைக்காரர்கள் இருந்தாலும் சாவி ஒன்றே ஒன்றுதான். சாவி யார் கையிலோ, அவர் மட்டுமே அசைய முடியும். மற்றவர்கள் சிலையாக நிற்க வேண்டும்.

பழைய கணக்கு மெதுவாக நடந்தது. ஆனால் நாலடி வைத்ததும் சாவியைப் பக்கத்தில் நிற்பவனிடம் கொடுத்துவிடும். மணிக்காரன் வாங்கி, கடலில் யாராவது கூப்பிடுகிறார்களா என்று பார்ப்பான். கடிகாரக்காரன் வாங்கி ஒரு நொடி நகர்த்துவான். திரும்பச் சாவி கணக்குக்கு வரும். கண் மூடித் திறப்பதற்குள் இது எத்தனையோ தடவை நடக்கும். அதற்காக ததேயுஸ் ஒரு வரிகூட எழுதியதில்லை. அந்த மொழியே பார்த்துக்கொண்டது. அதனால் அப்படி ஒன்று நடக்கிறது என்பதையே அவன் மறந்துபோனான்.

சி மொழிக்கு அந்தப் பழக்கம் கிடையாது. அவன் எழுதிய துண்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனது. கதவைச் சாத்தியது. பத்தொன்பது நிமிஷம் யாருக்கும் கொடுக்கவில்லை. வெளியே மணிக்காரன் சிலையாக நின்றான்.

"உள்ள போறதுக்கு முன்னாடி சாவியக் குடுத்துட்டுப் போங்க அண்ணே. வெளிய வந்ததும் வாங்கிக்கிடுங்க. ரெண்டே ரெண்டு வரிதான்." இதைத்தான் அவள் மூன்று தடவையும் சொல்லியிருந்தாள்.

ஏன் எழுதவில்லை?

சாவியைக் கொடுத்துவிட்டு உள்ளே போனால், வெளியே இருக்கும் பைத்தான் சாமான் எதையும் உள்ளேயிருந்து தொடக் கூடாது. வேண்டிய எண்களையெல்லாம் முதலிலேயே நகலெடுத்து உள்ளே கொண்டுபோக வேண்டும். நகலெடுக்க ஒவ்வொரு ஓட்டத்துக்கும் மூன்று நொடி கூடும்.

பதினோரு நொடி பதினாலு ஆகிவிடும்.

அந்த மூன்று நொடிக்குத்தான் அவனுக்கு மனசு வரவில்லை.

*

அறைக்கு வந்ததும் ததேயுஸ் நேரே கணினி முன்னால் போய் உட்கார்ந்தான்.

"என்ன செய்யப் போறிய?" என்று கேட்டாள் டீச்சர். ஈரப் பாவாடையைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"அழிக்கப் போறேன். எல்லாத்தையும். பழசே ஓடட்டும்."

"பழசு ஓடினப்போதான ரெமி போனான்?"

கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. லூக்காஸ் மாமாகூட "எளா, என்ன பேச்சு இது" என்று பதறினார்.

டீச்சர் குரலை உயர்த்தவில்லை. "உங்க கணக்கு வேணும்" என்றாள். "அதுல ஒரு வீட்டு வாசலும் விட்டுப் போகக் கூடாது. அது ஓடும்போதும் மணி அடிக்கணும்னுதான் அன்னைக்கு ஏறி நின்னு தொடைச்சேன்."

"டீச்சர், இனி இந்தக் கையால எழுதி, அத நம்பி ஒருத்தன் கடலுக்குப் போறதா? எனக்குக் கை நடுங்குது."

"நடுங்கட்டும்."

"நடுங்கற கையோட எப்படி எழுதுவேன்?"

"மெதுவா எழுதுங்க" என்று சொல்லிவிட்டு, முழங்கைக்கு மருந்து போடப் போய்விட்டாள்.

*

மூன்று நாள் ஆனது.

ததேயுஸ் ஒவ்வொரு எண்ணாக நகலெடுத்து உள்ளே கொண்டுபோகும்படி மாற்றினான். உள்ளேயிருந்து வெளியே நீளும் கைகளை ஒவ்வொன்றாகத் தேடி வெட்டினான். ஒன்று மிச்சமிருந்தாலும் நிரல் அந்தரத்தில் செத்து விழும், ஏன் செத்தேன் என்றுகூடச் சொல்லாது. கடைசியில் அந்த இரண்டு வரிகளை எழுதினான். எழுதிவிட்டு, வெகு நேரம் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நான்காம் நாள் காலை டீச்சர் லைஃப் ஜாக்கெட்டை எடுத்தாள்.

ததேயுஸ் அதை அவள் கையிலிருந்து பிடுங்கினான்.

"இந்தத் தரம் நீங்க மணிகிட்ட இருங்க."

"தண்ணி இன்னைக்கு இழுப்பா இருக்கு அண்ணே."

"இருக்கட்டும்."

டீச்சர் நாற்காலியை மணிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

*

லூக்காஸ் மாமா முகத்துவாரத்தில் வள்ளத்தை நிறுத்தினார். இடுப்பில் வயர்லெஸ் கரகரத்தது.

ததேயுஸ் இறங்கினான்.

கடலில் பிறந்து வளர்ந்தவன்தான். ஆனாலும் கழுத்தளவு தண்ணீரில், பிடிக்க ஒன்றும் இல்லாமல், யாராவது வந்து தூக்க வேண்டும் என்று காத்துக் கிடந்தது இதுவே முதல் தடவை. முதல் அலை மூக்கில் ஏறியது. இரண்டாவது அலை தூக்கியபோது துறைமுகத்தின் கூரை தெரிந்தது. இறக்கியபோது கறுத்த சுவர் மட்டும் தெரிந்தது.

வயர்லெஸில் டீச்சரின் குரல் கேட்டது. "கணக்கு உள்ள போயாச்சு. பத்தொம்பது நிமிஷக் கணக்குதான். அமுக்கச் சொல்லுங்க மாமா."

"அமுக்குலே!"

ததேயுஸ் பொத்தானை அமுக்கினான்.

டப்பாவில் ஒரு பொட்டு வெளிச்சம் மினுங்கியது. அவ்வளவுதான். யாருக்குக் கேட்டது, கேட்டதா இல்லையா, டப்பா எதுவும் சொல்லாது.

வரியைச் சரியான இடத்தில்தானே வைத்தோம்? உள்ளே போகும் முன்னால்தானே? ஒருவேளை பின்னால் வைத்துவிட்டோமோ? நேற்று நாலு தடவை பார்த்தோமே. நாலு தடவையும் தூக்கக் கலக்கமோ?

அலை தூக்கியது. சுவரில் யாரும் இல்லை.

கால் மரத்துக்கொண்டு வந்தது. ரெமி எவ்வளவு நேரம் கிடந்திருப்பான் என்று நினைத்தான். இத்தனை நாளில் அதை நினைக்கவே அவன் மனசை விட்டதில்லை. இப்போது அது தானாக வந்து உட்கார்ந்தது. அவன் கூப்பிட்டிருப்பானா? யார் பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருப்பான்? வாய் நிறைய உப்புத் தண்ணீர் போனது. போச்சு, மணி அடிக்கவில்லை, இந்தத் தரமும் அடிக்கவில்லை.

"மாமா! தூக்கும்! மணி அடிக்கல! எத்தன நேரம் ஆச்சு? தூக்கும் மாமா!"

லூக்காஸ் மாமா வயர்லெஸைக் காதிலிருந்து எடுத்தார்.

"எதுக்குலே இந்தக் கத்து கத்துத? மணி அடிச்சிட்டு. டீச்சர் சொல்லியாச்சு."

"எப்போ?"

"நீ அமுக்கின ரெண்டாவது நொடியில."

"இப்போ எத்தன நிமிஷம் ஆகுது?"

அவர் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார். "நிமிஷமா? அமுக்கி இன்னும் அரை நிமிஷம் ஆகலலே."

லூக்காஸ் மாமா குனிந்து கையை நீட்டினார். "ஏறு."

அவன் அந்தக் கையைப் பார்த்தான். பிடிக்கவில்லை.

"டீச்சர் கிடந்த பத்தொம்பது நிமிஷமும் ஆனதும் கூப்பிடும் மாமா" என்றான்.